மூன்று துளை சாட்சி ஆகாது

அமெரிக்காவில் தோட்டாவைத் தாமே தயாரிக்கும் ரீலோடிங்கைப் புதிதாகப் பழகத் தொடங்கியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,



சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போய்வந்த கையோடு உங்களில் பலர் எனக்குப் படம் அனுப்புகிறீர்கள். வெள்ளை அட்டையில் ஒன்றையொன்று தொட்டபடி மூன்று துளைகள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம். ஓரத்தில் வெடிமருந்தின் எடை, தசமப் புள்ளியோடு. கூடவே ஒரு கேள்வி: “அண்ணா, என் ரைபிளுக்கு ஏத்த அளவு இதுதானே?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதிலை இப்போது எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சிறந்த மருந்தளவைத் தேடி நீங்கள் செய்யும் சோதனைகளில் பெரும்பாலானவை தற்செயலைத்தான் அளக்கின்றன. தோட்டாவின் துல்லியத்தைத் தீர்மானிப்பவை நாலைந்து விஷயங்களே. அவற்றை ஒழுங்காகச் செய்யுங்கள். சோதனைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். செய்யும் சோதனையில் போதுமான தோட்டாக்களைச் சுடுங்கள். மிச்சமாகும் மருந்தையும் குழலின் ஆயுளையும் பயிற்சிக்கு வையுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரிக்கக் கூட்டாட்சி உரிமம் வேண்டியதில்லை. விற்பதற்குத் தயாரித்தால் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும், உங்கள் மாநிலத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரிலுள்ள தம்பிக்கோ மச்சானுக்கோ இந்த மடலை அனுப்பினால் இந்த வரியையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கடையில் நல்ல தோட்டா கிடைக்கும்போது நாம் ஏன் கையால் செய்கிறோம்? தொழிற்சாலை செய்யும் தோட்டா அந்த வகைத் துப்பாக்கி அத்தனையிலும் நுழைந்து, அத்தனையிலும் ஆபத்தில்லாமல் வெடிக்க வேண்டும். நாம் செய்வது ஒரே ஒரு ரைபிளுக்கு. அதன் சேம்பருக்கு ஏற்றபடி பித்தளைக் கூட்டை அளவாக்கலாம். குண்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். அது கூட்டில் எவ்வளவு ஆழம் அமர வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். ஆனால் இந்த அனுகூலம் முன்னைப்போல் பெரிதல்ல. 2007இல் ஹார்னடி வெளியிட்ட 6.5 கிரீட்மூர் போன்ற புதிய வகைகளில் கடைத் தோட்டாவே வியக்கத்தக்க ஒழுங்கோடு வருகிறது. ஆகவே கைத்தோட்டா என்பதாலேயே அது துல்லியமாகிவிடாது. அக்கறையில்லாமல் செய்தால் கடைத் தோட்டாவைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இனி அந்த மூன்று துளைகளுக்கு வருகிறேன்.

ஒரே ரைபிள், ஒரே தோட்டா, அசையாத பிடி. அப்படியும் குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஒரு மையத்தைச் சுற்றிச் சிதறுகின்றன. நாம் ‘குரூப்’ என்று அளப்பது மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரம். மூன்று தோட்டா சுட்டால், அந்தச் சிதறல் முழுவதிலிருந்தும் மூன்றே மூன்று சீட்டு எடுத்திருக்கிறோம் என்று பொருள். எடுக்கும் சீட்டு கூடக்கூட குரூப் பெருத்துக்கொண்டே போகும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஓரத்தில் விழும் குண்டுகள் வெளிப்பட இப்போதுதான் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

இந்தக் கணக்கு புதிதல்ல. அமெரிக்க ராணுவத்தின் அபர்டீன் பாலிஸ்டிக் ஆய்வகத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஃபிராங்க் கிரப்ஸ் 1960களிலேயே ரைபிள்காரர்களுக்கென்று இதைத் தொகுத்து எழுதிவிட்டார். ஒரு தோட்டாவின் பத்துச் சுடு குரூப் சராசரியாக 1 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தோட்டாவின் ஐந்து சுடு குரூப் சராசரியாக 0.8 அங்குலம். மூன்று சுடு குரூப் 0.63 அங்குலம். எதையும் மாற்றாமல், சுடும் எண்ணிக்கையை மட்டும் குறைத்தே துப்பாக்கியை ‘மேம்படுத்தி’விடலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

சராசரியைவிடப் பெரிய சிக்கல் அதன் ஆட்டம். மூன்று சுடு குரூப்பின் அளவு, அதன் சராசரியிலிருந்து சுமார் 37 சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடுவது இயல்பு. சராசரி 1 அங்குலம் தரும் தோட்டா ஒருமுறை அரை அங்குலம் காட்டும், இன்னொருமுறை ஒன்றரை அங்குலம் காட்டும். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்து வந்த, ஒரே எடை மருந்து போட்ட தோட்டாக்கள்தான்.

இப்போது உங்கள் வழக்கமான சோதனையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 0.3 கிரேன் இடைவெளியில் பத்து மருந்தளவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டா. பத்துக்கும் நிஜத்தில் எந்த வித்தியாசமும் இல்லை என்றே கொள்வோம். அப்போதும் பத்துக் குரூப்பில் ஒன்று மிகச் சிறியதாக வரத்தான் செய்யும், ஒன்று மிகப் பெரியதாக வரத்தான் செய்யும். தற்செயல் ஒன்றே அந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். சிறியதை நீங்கள் படம் எடுக்கிறீர்கள். பெரியதைப் பார்த்து, “இந்த அளவு என் குழலுக்குப் பிடிக்கவில்லை” என்கிறீர்கள். குழலுக்கு விருப்பு வெறுப்பு எதுவும் இருந்ததாக இந்தச் சோதனை காட்டவில்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே செய்து பாருங்கள். ஒரே மருந்தளவில், ஒரே குண்டில், முப்பது தோட்டா தயாரியுங்கள். மும்மூன்றாகப் பத்துப் பைகளில் போட்டு, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிடுங்கள். சுடுதளத்துக்கு வரும் நண்பரிடம் பத்துப் பைகளிலும் வெவ்வேறு மருந்தளவு என்று சொல்லி, அவற்றைச் சுட்டுச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அது ஏன் சிறந்தது என்பதற்கு விளக்கமும் தருவார். அவர் தவறு செய்ததாகச் சொல்ல முடியாது. அந்த அட்டையைப் பார்க்கும் எவரும் அதைத்தான் செய்வார்கள்.

உங்களில் பாதிப்பேர் மென்பொருள் துறையில் இருக்கிறீர்கள். ஒரு பட்டனின் நிறத்தை மாற்றினால் விற்பனை கூடுமா என்று பார்க்க ஏ/பி டெஸ்ட் நடத்துகிறீர்கள். பத்து நிறங்களை, நிறத்துக்கு மூன்று பேரிடம் காட்டி, “நீலம் ஜெயித்தது” என்று மேலாளரிடம் போய்ச் சொல்வீர்களா? வாரநாட்களில் உங்களுக்குத் தெரிந்த புள்ளியியல் சனிக்கிழமையும் செல்லுபடியாகும்.

ஏணிச் சோதனை பற்றியும் கேட்கிறீர்கள். அமெரிக்கப் போட்டியாளர் கிரைட்டன் ஆடெட் பிரபலமாக்கிய முறை அது. மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அளவுக்கு ஒரு தோட்டாவாக, தொலைவிலுள்ள ஒரே குறியை நோக்கிச் சுட வேண்டும். துளைகள் ஏணிப்படிபோல் மேலே ஏறும். இடையில் இரண்டு மூன்று அளவுகள் ஒரே உயரத்தில் கூடி நின்றால் அதுதான் நல்ல இடம் என்பது கருத்து. பிறகு டேன் நியூபெரியின் ஓ.சி.டபிள்யூ. (உகந்த மருந்து எடை) முறை வந்தது. இப்போது வேகம் அளக்கும் குரோனோகிராப் மலிந்துவிட்டதால் அட்டையையே பார்க்காமல், வேகக் கோட்டில் சமதளம் தேடும் வழக்கமும் வந்திருக்கிறது.

இவற்றின் அடியில் இருக்கும் இயற்பியல் பொய்யல்ல. குண்டு வெளியேறும் கணத்தில் குழல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. குழல்வாய் மேல்நோக்கி அசையும் நேரத்தில், மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக, சற்று உயர்ந்த கோணத்தில் வெளியேறி, தன் வேகக்குறைவைத் தானே ஈடுகட்டிக்கொள்வது உண்டு. பழைய லீ-என்ஃபீல்டு ரைபிள்கள் நெடுந்தூரத்தில் இந்த ஈடுகட்டலுக்குப் பேர்போனவை. கேள்வி, அந்த விளைவை அளவுக்கு ஒரு தோட்டா சுட்டுக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான். வேகக் கோட்டில் தெரியும் சமதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 6.5 கிரீட்மூர் அளவுள்ள கூட்டில் 0.1 கிரேன் மருந்து கூடினால் வேகம் ஏறத்தாழ வினாடிக்கு 5 அடி கூடும். மருந்தையே மாற்றாவிட்டாலும் தோட்டாவுக்குத் தோட்டா வேகம் பத்து அடி மாறிக்கொண்டிருக்கும்போது, அடுத்தடுத்த இரண்டு படிகள் ஒரே வேகம் காட்டுவதில் அதிசயம் ஏதுமில்லை. அதே ஏணியை மறுவாரம் மீண்டும் சுடுங்கள். சமதளம் வேறிடத்துக்கு நகர்ந்திருந்தால் முதலில் நீங்கள் கண்டது கானல்நீர்.

வேகத்தின் திட்டவிலக்கத்திலும் (எஸ்.டி.) இதே கதை. “அண்ணா, ஐந்து தோட்டாவில் எஸ்.டி. 6தான்!” என்று எழுதுகிறீர்கள். ஐந்தே அளவீட்டில் திட்டவிலக்கம் 10 என்று வந்தால், உண்மையான மதிப்பு 6ஆகவும் இருக்கலாம், 29ஆகவும் இருக்கலாம். 95 சதவீத நம்பிக்கையோடு அந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும். பத்துத் தோட்டா சுட்டால் அந்த எல்லை 7க்கும் 18க்கும் இடையே சுருங்கும். மூன்று தோட்டாவின் எஸ்.டி.யை நோட்டில் எழுதவே எழுதாதீர்கள்.

எஸ்.டி. முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அது எங்கே முக்கியம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 6.5 கிரீட்மூரில் 140 கிரேன் குண்டு வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். வேகம் 10 அடி மாறினால் 100 கஜத்தில் குண்டின் உயரம் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு மாறும், கண்ணுக்கே தெரியாது. 1,000 கஜத்தில் அதே 10 அடி ஏறத்தாழ 3 அங்குலம். எஸ்.டி. 10 உள்ள தோட்டாவில் இருபது சுட்டால் மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் 35, 40 அடி இடைவெளி வருவது வழக்கம். அது 1,000 கஜத்தில் சுமார் 11, 12 அங்குல உயரச் சிதறல். எஃப்-கிளாஸ் போட்டியில் 1,000 கஜக் குறியின் பத்து வளையமே 10 அங்குல விட்டம்தான், நடுவிலுள்ள எக்ஸ் வளையம் 5 அங்குலம். ஆகவே 100 கஜத்திலேயே சுடுபவர்கள் எஸ்.டி.க்காகத் தூக்கம் கெட வேண்டாம். 1,000 கஜத்துக்குப் போகிறவர்கள் 100 கஜ அட்டையை மட்டும் பார்த்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சரி, எதில்தான் உழைப்பது? என் கணக்கில் முக்கியத்துவ வரிசை இது.

முதலில் குழலும் குண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராங்க்ளின் மேன் என்ற மருத்துவர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து 1909இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மனிதக் கையின் நடுக்கம் கணக்கில் நுழையக்கூடாது என்று, தரையில் கான்கிரீட் தூண் எழுப்பி அதன்மேல் குழலைப் பதித்துச் சுட்டவர் அவர். குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்தும் சுட்டுப் பார்த்தார். குண்டின் மூக்கு நசுங்கியிருந்தால் பெரிய கேடில்லை, அடிப்பாகம் கோணியிருந்தால் குறி சிதறுகிறது என்று கண்டார். நூறு ஆண்டு கழிந்தும் அந்த முடிவு நிற்கிறது. குண்டின் எடை மையமும் வடிவ மையமும் ஒன்றாக இல்லாவிட்டால், அது சுழன்றுகொண்டு குழலைவிட்டு வெளியேறும் கணத்திலேயே பக்கவாட்டில் விலகிவிடும். மருந்தை எவ்வளவு நுணுக்கமாக நிறுத்தாலும் அதைத் திருத்த முடியாது. எனவே உங்கள் முதல் சோதனை குண்டுகளுக்கு இடையே இருக்கட்டும். இரண்டு மூன்று தயாரிப்பாளர்களின் போட்டித்தரக் குண்டுகளை வாங்கி, ஒவ்வொன்றையும் பாதுகாப்பான நடுத்தர மருந்தளவில் சுட்டுப் பாருங்கள். குண்டை மாற்றினால் தெரியும் வித்தியாசம் 0.3 கிரேன் மருந்தை மாற்றினால் பெரும்பாலும் தெரியாது.

அடுத்தது பித்தளைக் கூடு. ஒரே தயாரிப்பு, ஒரே லாட், ஒரே எண்ணிக்கை முறை சுட்ட கூடுகளை ஒன்றாக வையுங்கள். அளவாக்கும்போது கூட்டின் தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் பின்தள்ளுங்கள். அதிகம் தள்ளினால் கூடு சீக்கிரம் அடிப்பக்கம் பிளந்துபோகும். தள்ளாமலே விட்டுக்கொண்டு போனால் நாளடைவில் போல்ட் மூடச் சிரமப்படும். கழுத்துப் பிடிப்பு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். நான்கைந்து முறை சுட்ட பித்தளை இறுகும். கழுத்தைச் சூடாக்கித் தளர்த்தாவிட்டால் பிடிப்பு கூட்டுக்குக் கூடு மாறும். எஸ்.டி. பெருகினால் தராசைச் சந்தேகிப்பதற்கு முன் கழுத்தைப் பாருங்கள்.

மூன்றாவது மருந்தின் தேர்வு. வெப்பநிலை மாறினாலும் வேகம் அதிகம் மாறாத மருந்தை எடுங்கள். ஆஸ்திரேலியாவில் தயாராகி ஹாட்ஜ்டன் பெயரில் விற்கும் வார்கெட், எச்4350 போன்றவை இதற்காகவே விரும்பப்படுகின்றன. ஜனவரியில் கண்டுபிடித்த ‘சரியான அளவு’ ஃபீனிக்ஸின் ஜூலை வெயிலில் வேகமும் அழுத்தமும் கூடிப்போவது சோதனை அட்டையில் தெரியாத ஆபத்து. லாட் மாறினால் அதே பெயருள்ள மருந்தும் கொஞ்சம் மாறும். முடிந்தால் ஒரே லாட்டில் பெரிய டப்பாவாக வாங்குங்கள்.

நான்காவது, குண்டு அமரும் ஆழம். குழலுக்குள் புரி தொடங்கும் இடத்துக்கும் குண்டுக்கும் இடையிலுள்ள தாவல் சில நீளமூக்குக் குண்டுகளில் நன்றாகவே வித்தியாசம் காட்டும். அதற்கும் 0.003 அங்குலப் படிகளில் ஏற வேண்டாம். பெர்கர் நிறுவனம் தன் வி.எல்.டி. குண்டுகளுக்கு 0.040 அங்குலம் அளவுள்ள பெரிய படிகளில் தேடச் சொன்னது. பெரிய படி வைத்தால்தான் பெரிய வித்தியாசம் கண்ணில் படும். குண்டு புரியைத் தொடும்படி வைத்தால் அழுத்தம் உயரும். மருந்தைக் குறைக்காமல் அதைச் செய்யாதீர்கள்.

மருந்தை நிறுப்பது ஐந்தாவதாகத்தான் வருகிறது. அதிர்ச்சியாக இருக்கிறதா? 1975இல் லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் உருவாக்கிய 6 மி.மீ. பி.பி.சி. தோட்டாதான் துப்பாக்கியை மேசைமேல் தாங்கவைத்துச் சுடும் 100, 200 கஜ பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளை ஆண்டுவருகிறது. உலகின் மிகச்சிறிய குரூப்புகள் பிறக்கும் அந்த மேசைகளில் பலர் மருந்தை நிறுப்பதே இல்லை. கைப்பிடியைச் சுழற்றி, கொள்ளளவுக் கணக்கில் கூட்டுக்குள் கொட்டிவிடுகிறார்கள். கிட்டத்துக் குறிக்கு அது போதுகிறது. நெடுந்தூரத்துக்கு 0.1 கிரேன் ஒழுங்கு வேண்டும், அதற்கு நல்ல தராசும் வேண்டும். ஆனால் எச்4350 மருந்தின் ஒரு குச்சி ஏறத்தாழ 0.02 கிரேன்; அது மாற்றும் வேகம் வினாடிக்கு ஓர் அடி. இடுக்கியால் ஒற்றைக் குச்சியை எடுத்துப் போடும் நேரத்தில் தூங்கலாம்.

இந்த வரிசைக்கு ஒரு கணக்கு ஆதாரமும் உண்டு. சிதறலின் காரணங்கள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடுகின்றன. குழலும் குண்டும் சேர்ந்து 0.8 அங்குலம் சிதறவைக்கின்றன, மருந்தளவு தன் பங்குக்கு 0.2 அங்குலம் சிதறவைக்கிறது என்றால் மொத்தம் 1 அங்குலம் ஆகாது, 0.82தான். அந்த 0.2ஐ அடியோடு ஒழித்தாலும் உங்களுக்கு மிஞ்சுவது அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. பெரிய காரணத்தைத் தொடாமல் சிறியதைத் துரத்துவது வீண்வேலை.

“மூன்றுக்குப் பதில் ஒவ்வொரு தேர்விலும் இருபது சுட்டால் குழல் தேய்ந்துவிடாதா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 6.5 கிரீட்மூர் குழல் இரண்டாயிரம், மூவாயிரம் தோட்டாவில் போட்டித்தரத்தை இழந்துவிடும். அதனால்தான் சோதனைகளைக் குறைக்கச் சொல்கிறேன். பத்து அளவுகளில் மும்மூன்று சுட்டு, பிறகு ‘உறுதி செய்ய’ மறுபடி சுட்டு, அடுத்த மாதம் அதை நம்பாமல் முதலிலிருந்து தொடங்குவதைவிட, இரண்டே தேர்வுகளை எடுத்து இருபது இருபதாகச் சுட்டு முடிப்பது மலிவு. அந்த இருபதையும் ஒரே நாளில் சுட வேண்டியதில்லை. நான்கு வாரத்தில் ஐந்தைந்தாகச் சுட்டு, குறிவைத்த புள்ளியை ஒன்றாக்கி, துளைகளை ஒரே தாளில் அடுக்கலாம். ஓரத்துத் துளைகள் இரண்டை மட்டும் அளக்காமல், மையத்திலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுங்கள். செலவழித்த ஒவ்வொரு தோட்டாவும் தகவல் தரும்.

இருபதுக்கும் எல்லை உண்டு. 30 சதவீத வித்தியாசத்தை அது ஓரளவு காட்டும். 10 சதவீத வித்தியாசத்தை நிரூபிக்க ஒவ்வொரு தேர்விலும் இருநூறுக்கு மேல் சுட வேண்டும். அத்தனை சுட்டுத்தான் தெரியவரும் என்றால், அந்த வித்தியாசம் போட்டியில் உங்களைக் காப்பாற்றவும் போவதில்லை, கவிழ்க்கவும் போவதில்லை. இரண்டு தோட்டாக்களுக்குள் வித்தியாசம் தெரியவில்லையா? வேகம் சீராக இருப்பதையோ, மருந்து எளிதில் கிடைப்பதையோ எடுத்துக்கொண்டு நகருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் புள்ளியியலைக் கொண்டுவராதீர்கள். பாதுகாப்பில் ‘சராசரி’ என்ற பேச்சே கிடையாது. ஒரு தோட்டா போதும், கண் போகும். மருந்து தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள தொடக்க அளவில் தொடங்குங்கள், உச்ச அளவைத் தாண்டாதீர்கள், குண்டோ கூடோ பிரைமரோ மாறினால் கீழிறங்கி மறுபடி ஏறுங்கள். கையேட்டின் தொடக்க அளவுக்கும் கீழே உங்கள் இஷ்டத்துக்குக் குறைப்பதும் ஆபத்தே. எச்4350, ஐ.எம்.ஆர். 4350, அக்யூரேட் 4350 மூன்றும் வெவ்வேறு மருந்துகள். எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டுவிடக் கூடாது. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா இருக்கட்டும். வேலை முடிந்ததும் அளவையில் மிச்சமிருப்பதை அதே டப்பாவில் திருப்பிக் கொட்டுங்கள். பிரைமர் தட்டையாவதும் போல்ட் இறுகுவதும் எச்சரிக்கைகள்தான். அவை தெரியவில்லை என்பதால் அழுத்தம் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். கூடுகளை உலர்முறையில் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசியில் பிரைமரின் ஈயம் இருக்கும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள்; கைகழுவாமல் சாப்பாட்டில் கைவைக்காதீர்கள்.

ஆக, என் வேண்டுகோள்கள் இவை. மூன்று துளைப் படத்தை மகிழ்ச்சிக்காக வைத்துக்கொள்ளுங்கள், முடிவெடுக்கப் பயன்படுத்தாதீர்கள். நோட்டில் குரூப் அளவை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் எத்தனை தோட்டா என்பதையும் எழுதுங்கள். ‘ஓடிப்போன’ துளையைக் காரணம் சொல்லிக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். விசையை நீங்களே தவறாக இழுத்தது, துளை எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒழிய, அதுவும் உங்கள் தோட்டாதான். ஒரு குண்டு, ஒரு மருந்து, ஒரு அளவு என்று முடிவானபின் அந்தக் குழல் தேயும்வரை அதை மாற்றாதீர்கள்.

பிறகு, இத்தனை நாள் மருந்தளவில் தேடிக்கொண்டிருந்த புள்ளிகளைக் காற்றில் தேடுங்கள். மேலே சொன்ன அதே 140 கிரேன் குண்டை, 1,000 கஜத்தில், குறுக்கே மணிக்கு 1 மைல் வேகத்தில் வீசும் காற்று 6, 7 அங்குலம் தள்ளிவிடும். தோட்டாவின் வேகம் வினாடிக்கு 20 அடி பிசகினால் ஆகும் தவறும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த 20 அடியை நீங்கள் மேசைமேல் சரிசெய்துவிட்டீர்கள். அந்த 1 மைல் காற்றைக் கொடியிலும் கானலிலும் புல்லின் சாய்விலும் பார்த்துக் கணிக்க எந்தத் தராசும் உதவாது. சுட்டுச் சுட்டுத்தான் பழக வேண்டும். உங்கள் மிச்சத் தோட்டாக்களுக்கு வேலை அங்கேதான் காத்திருக்கிறது.

அன்புடன்,
உங்களுக்குச் சில குழல்கள் மூத்த ரீலோடர்